மாடிக்கு ஒரு தனிக் கதவு

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மஞ்சள் பேருந்தைப் பணிமனையில் நிறுத்திவிட்டு, ஓட்டுநர் ஆர்லிஸ் த்வெய்ட் அம்மாள் தன் காரில் கில்டர் தெருவுக்கு வந்துவிடுவார். மேப்பிள் மரத்தடியில் காரை ஒதுக்கி, தன் பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்குவார். முட்டை வைத்த ரொட்டியை மடியில் பிரிப்பார். பனிக்காலமென்றால் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, கம்பளியை இடுப்புவரை இழுத்துக்கொள்வார். எதிரே உள்ள வெள்ளை வீட்டின் மாடி ஜன்னலைப் பார்த்தபடியே சாப்பிடுவார். பிற்பகல் பேருந்தை எடுக்க நேரமாகும்வரை அங்கேதான்.

ஷெங் வாங் இதை முதலில் பார்த்தது தெருமுனைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்தபோது, வகுப்பு ஜன்னல் வழியாக. அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் படித்தவள் அவள். நகர மன்றத்தின் திட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, இதே தெருவுக்கு வரைபடமும் கையுமாக வந்தபோது மறுபடியும் பார்த்தாள். முன்பு பழுப்புக் கார், இப்போது நீலம். கம்பளி அதேதான்.

காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே வீட்டுக்குப் போய்வரக் கட்டுப்படியாகாது. ஆர்லிஸ் இருப்பது நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் தள்ளி, தங்கையின் வீட்டுக் கீழ்த்தள அறையில். விடியுமுன் கிளம்பி, இருட்டியபின் திரும்புவார். அதை ஒரு குறையாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. அமெரிக்காவின் வடக்கே, பனி கொட்டும் மினசோட்டாக்காரர்; எதையும் குறைத்தே சொல்வார். கண் தெரியாத பனிப்புயலில் பேருந்தை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, "கொஞ்சம் காத்து ஊதுதுல்ல?" என்பார். ஒரு பையன் அவர் தோளிலேயே வாந்தியெடுத்தபோது, "இதவிட மோசமா ஆயிருக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு, "மோசமில்ல."

அந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தரம் வேண்டாமென்பதுதான் மரியாதை. மூன்றாம் தரம் வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பவருக்கும் அது தெரியும். வெள்ளை வீட்டுக்காரர் வெண்டல் ப்ரூஸ்டாட், மனைவி இறந்த குளிர்காலத்தில் ஒரு நாள் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். காப்பி இருக்கிறது என்றார். ஆர்லிஸ் இப்போதுதான் குடித்தேன் என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி வந்து, தனி ஆளுக்கு ஒரு பானை அதிகம், வீணாய்ப் போகும் என்றார். சிரமம் வேண்டாம் என்றார் இவர். மூன்றாம் முறை வந்து, "ஊத்தி வெச்சுட்டேன்" என்றார் வெண்டல்.

"அப்படின்னா அரைக் கப்."

அந்த அரைக் கப் தினசரி ஆனது. ஆர்லிஸ் எதைப் பார்த்துச் சாப்பிடுகிறார் என்பது அப்போதுதான் வெண்டலுக்குத் தெரிந்தது. ஆர்லிஸ் பிறந்து வளர்ந்தது அந்த மாடியில். அப்போது அங்கே கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். மேலே தனி அடுப்பு, பக்கவாட்டுப் படிக்கட்டு, அதற்கென்று ஒரு கதவு. பிறகு வீட்டை வாங்கிய வெண்டல், மாடி அடுப்பைப் பெயர்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் படுக்கையறை போட்டார். இப்போது பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். மூட்டு வலியில் வெண்டல் மேலே ஏறியே வெகு காலமாகிறது. அவருக்குத் துணை வேண்டும். ஆர்லிஸுக்கு வீடு வேண்டும். மாடியைப் பழையபடி தனி வீடாக்கித் தருகிறேன் என்று அவர் மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் ஆர்லிஸ் மேலே போய், அடுப்பு இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அனுமதி கேட்டு வெண்டல் நகர மன்றத்துக்கு வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தது ஷெங். வரைபடத்தில் கில்டர் தெரு முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம். பழைய இரட்டைக் குடித்தனங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை ஒன்றாக்கிவிட்டால் மறுபடி இரண்டாக்க முடியாது. ஷெங் பிறந்தது நெடுஞ்சாலையோர அடுக்கு வீட்டில், இரண்டு அறைக்குள் ஏழு பேர். அந்த மஞ்சளின் சட்டம் அவளுக்கு மனப்பாடம். யாருக்காக இதை மனப்பாடம் செய்தோம் என்பதுதான் அவ்வப்போது புரியாமல் போகும்.

"ஒரே குடும்பமா மேல பத்துப் பேர் இருந்தாக்கூடத் தப்பில்ல. ரெண்டாவது அடுப்பு வெச்சா அது ரெண்டாவது வீடு. அதுதான் கூடாது" என்று அவள் விளக்கினாள்.

"அப்ப நான் ஆர்லிஸக் கட்டிக்கிட்டா சரியாப் போயிடும்கற."

கூட வந்திருந்த ஆர்லிஸ் கையுறையை மாட்டிக்கொண்டே, "அதுக்கு நான் கார்லயே இருந்துக்கறேன்" என்றார்.

அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றும் பேச்சு வந்தது. மஞ்சள் பகுதிகளிலும் ஒரு மனையில் மூன்று குடித்தனம்வரை அனுமதிக்கலாம். பேருந்து ஓட்டுபவர், முதியோரைக் கவனிப்பவர், கடையில் நிற்பவர் எல்லாம் தாங்கள் வேலை பார்க்கும் நகரத்திலேயே இருக்கலாம். மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். கில்டர் தெருவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. யாருக்கும் தாங்கள் எதிரி இல்லை என்று ஆரம்பித்து, கார் நிறுத்த இடம், சாக்கடைக் குழாய், தோட்டத்தில் விழும் நிழல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நன்றி கூறி உட்கார்ந்தார்கள்.

ஆர்லிஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். பேசத் தெரியாது என்று சொல்லிவிட்டு நன்றாகவே பேசினார். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் நான் என்றார். சிலரைப் பெயர் சொல்லி விசாரித்தார். கூட்டம் சிரித்தது. அந்த வட்டாரத்து நகர மன்ற உறுப்பினர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. அவர் முன்னால் சாய்ந்து, உண்மையான ஆவலோடுதான் கேட்டார்: "அப்போ, கில்டர் தெருவுல ஒரு சின்ன வீடு கெடைச்சா நீங்க வந்துடுவீங்களா?"

"ஐயோ, எனக்காக யாரும் சிரமப்பட வேணாம்" என்றார் ஆர்லிஸ். "இருக்கற எடத்துலயே நான் நல்லாத்தான் இருக்கேன்."

மணி அடித்தது. ஆளுக்கு ஒதுக்கிய இரண்டு நிமிடம் முடிந்தது. உறுப்பினர் நன்றி சொன்னார். ஆர்லிஸ் போகவில்லை. ஒலிவாங்கியின் முன்னால், முகத்தில் லேசான சிரிப்போடு, காத்துக்கொண்டு நின்றார். ஊழியர் வரிசையில் இருந்த ஷெங்குக்கு அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. லாவோஸ் மலைகளிலிருந்து வந்த அவர்கள் ஹ்மாங் வீட்டிலும் விருந்தாளி முதல் தரத்திலேயே சரி என்பதில்லை. ஆனால் அந்த வரிசையில் இருப்பவர்கள் பேசக் கூடாது. அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆர்லிஸ் தலையசைத்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார்.

வாகன நிறுத்தத்தில் வெண்டல், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். ஆர்லிஸ் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். முழுக்கச் சுரண்டி முடித்தபின் சொன்னார்.

"அவரு இன்னொரு தடவ கேப்பாருன்னு நெனச்சேன்."

சட்டம் நிறைவேறியது. நகரத்தின் பெரும்பகுதியில் மஞ்சள் போய்விட்டது. கில்டர் தெருவும் அதைச் சுற்றிய நாலைந்து தெருக்களும் மட்டும் தப்பின. யாருக்காக இதைச் செய்கிறோமோ அவர்களே தேவையில்லை என்கிறார்கள் என்று அந்த உறுப்பினர் மரியாதையாகச் சொல்லி, தன் வட்டாரத்துக்கு விலக்கு வாங்கினார். விலக்கிய தெருக்களின் எல்லையைப் புது வரைபடத்தில் போடும் வேலை ஷெங்கிடம் வந்தது. போட்டாள். அந்த ஒரு கேள்வியை ஆர்லிஸிடம் வேறு மாதிரி கேட்கும்படி யாராவது அந்த உறுப்பினருக்குச் சொல்லியிருந்தால் என்று இன்னமும் யோசிக்கிறாள். சட்டம் என்பது அப்படி ஒரு கேள்வியில் தொங்கலாமா என்றும் யோசிக்கிறாள்.

வெண்டல் தனியாகச் சமாளிக்க முடியாமல் வீட்டை விற்றார். கிளம்புகிற வாரம், உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கி ஓவனில் வேகவைத்த ஹாட்டிஷ் ஒன்றைக் கண்ணாடிப் பாத்திரத்தோடு காருக்கே கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரத்தின் அடியில், ஒட்டு நாடாவில் எழுதிய அவர் மனைவியின் பெயர். மற்றதெல்லாம் விற்பனைக்குப் போனது, இதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு என்றார். அவர் இப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் முதியோர் விடுதியில் இருக்கிறார்.

அந்த ஊரில் வெறும் பாத்திரத்தை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஏதாவது செய்து நிரப்பித்தான் கொடுக்க வேண்டும். தங்கையின் ஓவன் இருக்கிறதே என்று ஷெங் சொல்லிப் பார்த்தாள்.

"அது அவ அடுப்பு, கண்ணு" என்றார் ஆர்லிஸ். "அவ அடுப்புல செஞ்சா அது அவ குடுத்ததா ஆயிடும்."

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பாத்திரம் கழுவித் துடைத்தபடி காரின் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கில்டர் தெரு முனையில் திரும்பும்போதெல்லாம் ஆர்லிஸின் வலது கை தானாக நீண்டு, அது சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது.