காருக்கு ஒதுக்கிய இடம்

அந்தோணி அண்ணா, உன் ஆன்மாவுக்குப் பூசை வைக்க மாட்டு வண்டியில் உலு திராம் ஊருக்கு வந்திருக்கிறேன். ஜப்பான்காரர்கள் போடும் சயாம் ரயில் பாதை வேலையில் நீ செத்துப்போனதாக, அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் நேற்றுதான் சொன்னார். பாதிரியார் மதியத்துக்குள் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

கடைத்தெருவில் வண்டியை நிறுத்துகிறேன். தெருவோரம் முழுக்கப் புதுச் சுண்ணாம்புக் கோடுகள். வாளியும் தூரிகையுமாக ஒரு தமிழர் ஓடி வருகிறார்.

"தங்கச்சி, மாட்டு வண்டியெல்லாம் ஆத்தங்கரையில நிக்கணும். கடை வாசல் காருக்குத்தான் லா. ஜப்பான் அதிகாரி போட்ட சட்டம்."

"கார் எங்கண்ணே? எல்லாத்தையும் அவனுங்களே எடுத்துக்கிட்டாங்களே!"

"அதனாலதான் இடம் தாராளமா இருக்கு."

ஆற்றங்கரை அரை மைல். எனக்கு அழுகை வந்துவிடுகிறது.

"சயாமுல செத்த அண்ணனுக்குப் பூசை. பாதிரி சாமி கெளம்பிடுவாரு."

அவர் தெருவின் இரு பக்கமும் பார்க்கிறார். மூக்கணாங்கயிற்றை வாங்கிக்கொள்கிறார்.

"ஓடு. எவனாச்சும் கேட்டா இதுதான் காருன்னு சொல்லிக்கிறேன்."

ஓடுகிறேன். பாதிரியார் சைக்கிளை எடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து, மறுபடி கோயிலைத் திறக்கிறார்.

"எங்க புதைச்சாங்க?" என்கிறார்.

எனக்குத் தெரியவில்லை. யாருமே குறித்து வைக்கவில்லை. அதனால் இதையே உன் கல்லறை எழுத்தாக எழுதி வைக்கிறேன். இதைப் படிக்கிறவர்களே, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் அண்ணனுக்காக ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள்.