ஜெசிந்தா பெயருக்குக் கீழே

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். சொல்லாததைச் சேர்க்காதே என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். நானும் பத்திரிகையில் வேலை பார்த்தவள் அல்லவா?

சிரிக்காதீர்கள். ஷார்ஜாவில், முவைலாவில் நானும் என் வீட்டுக்காரரும் மெஸ் நடத்தினோம். கேம்ப்பில் தங்கி சைட்டுக்குப் போகிற நம் ஊர் ஆட்களுக்குக் கேரியரில் சோறு போகும். வெள்ளிக்கிழமை கேரியரோடு ஒரு தாளும் போகும். இரண்டு பக்கம், ஜெராக்ஸ். பெயர் ‘நம்ம கேம்ப்’. யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் லீவில் ஊருக்குப் போகிறார், அவரிடம் சாமான் கொடுத்து அனுப்பலாமா, எல்லாம் அதில் இருக்கும். நடத்தியவர் செல்வராஜ். பகலில் அல் கூஸில் குடோன் வேலை, சாயங்காலம் என் மெஸ்ஸின் மூலை மேஜையில் பத்திரிகை வேலை. அந்த மேஜைக்கு ஒரு கால் ஆடும், அதற்கு நான் வைத்த தேங்காய் ஓடு கடைசி வரை அங்கேயே இருந்தது. அதை விடுங்கள்.

அவருக்குச் செய்தி கொடுத்தது நான்தான். திரும்பி வருகிற கேரியரைத் தூக்கினாலே எனக்குத் தெரிந்துவிடும். கழுவி வந்தால் ஆள் நன்றாக இருக்கிறான். சோறு அப்படியே வந்தால் ஊரிலிருந்து ஏதோ போன் வந்திருக்கிறது, இல்லாவிட்டால் ரூமில் சண்டை. மீன் மட்டும் மீந்தால் மாலை போட்டிருக்கிறான். நேரே போய் விசாரித்து வந்து செல்வராஜிடம் சொல்வேன். அடுத்த வெள்ளிக்கிழமை அது தாளில் வந்துவிடும்.

அப்போதுதான் ஜெசிந்தா வந்தாள். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி, கிளினிக்கில் நர்ஸ். செய்தியை அவளே எழுதிக்கொண்டு வருவாள். அவள் வந்தால் செல்வராஜ் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுவார். எனக்கு ஒரு நாளாவது துடைத்திருக்கிறாரா? வயிறு எரிந்தது. அவள் தட்டில் மீன் வால் துண்டாகப் பார்த்து வைத்தேன். “வால் துண்டுதான் எனக்கு இஷ்டம்க்கா, எப்படித் தெரிஞ்சுது?” என்று சிரிக்கிறாள்! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

செய்தி: ஜெசிந்தா

ஒரு வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கருப்பையா தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். கொத்து வேலைக்காரன், ஆனால் அவன் படிப்பதைக் கேட்டால் ரேடியோ தோற்றுவிடும். வெயில் மயக்கத்தைப் பற்றி ஒரு செய்தி. முடிவில், “செய்தி, ஜெசிந்தா” என்றான்.

“என் பேரு எந்த எடத்துலப்பா இருக்கு?” என்றேன்.

“ஒங்க பேரா? அது எப்பவுமே இருந்ததில்லையே அத்தாச்சி.”

அதுவரை என் செய்திகளின் அடியில் என் பெயர் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். செல்வராஜைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க கேக்கவே இல்லியே அத்தாச்சி?”

“இருக்குன்னு நெனச்சிருந்தா எப்புடிய்யா கேப்பேன்?”

அவர் தலையைச் சொறிந்தார். பெரிதாக ஒரு செய்தி கொண்டுவாங்க, போட்டுவிடுகிறேன் என்றார்.

கனத்த கேரியர்கள்

அந்தப் பெரிய செய்தி என் தலையிலேயே விழுந்தது. ஒரு நாள் கேம்ப்பின் மூன்றாவது கட்டிடத்துக் கேரியர்கள் எல்லாமே கனமாகத் திரும்பி வந்தன. யாரும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. எல்லாருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. கேம்ப் பாஸ், அவர் பாகிஸ்தான்காரர், பட்டாணி, வாசலில் நின்றே கத்தினார்: “கானா கராப், அம்மா! கல் ஸே கானா பந்த்! கலாஸ்!” சோறு கெட்டதாம், நாளையிலிருந்து வேண்டாமாம். ஒரு கேம்ப் போனால் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும். மெஸ்ஸை மூடிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

சாயங்காலம் செல்வராஜும் ஜெசிந்தாவும் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அத்தாச்சி, இதுதான் இந்த வாரம் மொதப் பக்கம். கிளினிக்குக்கு வந்தவங்க எல்லாரும் மெஸ் சாப்பாடுன்னுதான் சொல்லியிருக்காங்க. மறைச்சா நம்ம தாள எவன் நம்புவான்?”

“என் மேஜைல ஒக்காந்து, என் டீயக் குடிச்சுக்கிட்டு, என் பொழப்புல மண்ணள்ளிப் போடுவீகளா?” என்றேன். சொன்னது அவரிடம், முறைத்தது அவளை. என்னைக் கவிழ்க்க அவளுக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தாள். “எழுதுயதுக்கு மின்ன நான் சாப்பிட்டுப் பாக்கணும். அக்கா, அவங்களுக்கு அனுப்புனதுலயே எடுத்துப் போடுங்க.”

“அதையா? வேணாம்த்தா, ஒனக்கும் ஏதாவது ஆயிட்டா?”

“நான் நர்ஸாக்கும். போடுங்க.”

பானையில் மீந்திருந்ததைப் போட்டேன். வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், “மத்த கட்டிடத்துக் கேரியர் எப்படி வந்துது?”

“எல்லாம் காலியாத்தான் வந்துச்சு, கழுவி.”

“அப்போ ஒரே சோறு, ஒரு கட்டிடத்துக்கு மட்டும் ஒத்துக்கல்ல. அங்க என்ன தண்ணி குடிக்காங்க?”

மறுநாள் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டியூட்டி முடிந்ததும் பட்டாணியைக் கையோடு கூட்டிக்கொண்டு மூன்றாவது கட்டிடத்து மொட்டை மாடிக்கு ஏறினாள். நானும் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. உள்ளே புறா செத்து மிதந்தது. அந்தத் தண்ணீர்தான் கீழே கூலரில் வருகிறது. பட்டாணி காதைப் பிடித்துக்கொண்டு, “மாஃப் கரோ, அம்மா” என்று மன்னிப்புக் கேட்டார். கேரியர் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை கருப்பையா முதல் பக்கத்தைப் படித்தான். எல்லாம் தொட்டியும் புறாவும்தான். முடிவில், “செய்தி, ஜெசிந்தா, பாப்பாத்தியம்மாள்” என்றான்.

“அக்கா பேரப் போடாம நான் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்” என்றாள் ஜெசிந்தா. “கேரியர் சங்கதி சொன்னது அவங்கல்லா?”

சந்தோஷத்தில் அன்று எல்லாருக்கும் பாயாசம் போட்டேன். பிறகு தாளை வாங்கி, என் பெயரைக் காட்டச் சொன்னேன். அவள் பெயர் மேலே இருந்தது, என் பெயர் கீழே.

“ஏன்யா, என் மெஸ்ஸு, என் கேரியரு. நான் மேல வரக் கூடாதா?”

“அடுத்த வாரம் மாத்திப் போடுறேன் அத்தாச்சி,” என்றார் செல்வராஜ். போடவே இல்லை.

அந்தத் தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பத்திரிகை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவர் சோற்றைக் குறை சொல்லி எழுதப் போகிறீர்களா, முதலில் அவர் வீட்டில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் பாருங்கள். அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவள் ஜெசிந்தா என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.