ஏரி மீனும் சோளச் சக்கையும்

தங்கையின் கணவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுப் புறப்படும் முன் அவர்கள் வளர்த்த பூனையை லெப்பைக்குடிக்காட்டில் இருக்கும் என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். பெர்சியன் ஜாதி. நீளமான வெள்ளை முடி, சப்பை முகம், செம்பு நிறக் கண்கள். காரிலிருந்து கூடையை இறக்கும்போதே தங்கை சொன்னாள்: "இது சாப்பாட்டுல கொஞ்சம் பிகு பண்ணும்க்கா. பாத்துக்க."

நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணவர் சவூதியில் இருக்கிறார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பகல் முழுக்க வீட்டில் நான் ஒருத்திதான். எத்தனையோ பேருக்கு வக்கணையாகச் சமைத்துப் போட்ட கை, ஒரு பூனைக்குச் சோறு வைக்காதா என்று நினைத்தேன்.

தங்கை கொடுத்துவிட்டுப் போன பாக்கெட் தீனியை ஒரு தாளில் கொட்டி வைப்பேன்; அது இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. அது தீர்ந்ததும் பெரம்பலூருக்குப் போனேன். அங்கே கிளி, லவ் பேர்ட்ஸ், தொட்டி மீன் எல்லாம் விற்கிற ஒரு கடை. நாய்க்குத் தீனி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். பூனைக்கு ஒரே ஒரு கம்பெனி சரக்குதான் இருந்தது. கடைக்காரர் எல்லாப் பூனையும் இதைத்தான் திங்குது என்று உறுதியாகச் சொன்னார். வாங்கிவந்து கிண்ணத்தில் கொட்டினேன். பூனை வந்தது, மோந்து பார்த்தது, பிறகு முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றி வெறும் தரையைப் பிறாண்டிப் பிறாண்டி மூடுவதுபோல் செய்தது. மலம் கழித்துவிட்டு மண் தள்ளுமே, அதே மாதிரி. என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை.

பால் ஊற்றினேன், தயிர்சாதம் பிசைந்தேன், கருவாடு சுட்டேன், பிஸ்கட்டை நனைத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் அதே பிறாண்டல்தான். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பசித்தால் தானாகத் தின்னும் என்று. நானும் அப்படியே நம்பி ஒருநாள் விட்டுப் பார்த்தேன். மறுநாள் அது பீரோவுக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டது. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெரம்பலூர் கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடுகளும் மாடுகளும் வரிசையில் நின்றன. என் கூடையைத் திறந்ததும் வரிசையில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். பூனைக்குக் குளுகோஸ் ஏற்றிவிட்டு என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"ஆடு மாடு மாதிரி இதைப் பட்டினி போடக் கூடாதுங்கம்மா. ரெண்டு மூணு நாள் திங்காம கெடந்தா ஈரல் கெட்டுப்போயிரும். எதையாச்சும் உள்ள போக வைங்க. பால் வேணாம். வெங்காயம், பூண்டு பட்டது எதுவும் ஆகாது."

சின்ன வெங்காயம் விளைகிற ஊரில் இருந்துகொண்டு வெங்காயம் படாத பாத்திரத்துக்கு எங்கே போவது? அன்றைக்கே பூனைக்கென்று ஒரு சின்னச் சட்டியும் கரண்டியும் தனியாக எடுத்து வைத்தேன். கோழி ஈரலும் கொஞ்சம் கறியும் உப்பில்லாமல் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் கொடுத்தால் வாசனைக்குத் தின்னும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, தின்னவில்லை. நாக்கால் ஒரு நக்கு, அவ்வளவுதான்.

மறுநாள் காலை மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவரிடம் ஏரியில் பிடித்த ஜிலேபி மீன் இருந்தது. முள் எடுத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு கிண்ணத்தில் வைத்தேன். இந்த முறை பூனை பிறாண்டவில்லை. கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு துண்டை வெளியே இழுத்துத் தரையில் போட்டுத் தின்றது. அடுத்த துண்டையும் அப்படியே. மூன்றாவது துண்டு கிண்ணத்தின் அடியில் கிடந்தது. அதை எடுக்க முகத்தை உள்ளே விட்டது, மீசை இரண்டு பக்கமும் விளிம்பில் முட்டி மடங்கியது, உடனே தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சப்பை முகத்துக்கு ஆழமான கிண்ணம் ஆகாது! தங்கை வீட்டில் இருந்த அகலமான தட்டு சாமான் ஏற்றும்போது உடைந்துபோனதாக அவள் சொன்னதும் அப்போதுதான் உறைத்தது. அலமாரியில் என் கணவர் கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகள் இருந்தன. விருந்தாளிகளுக்கு என்று எடுக்காமலே வைத்திருந்தவை. ஒன்றை இறக்கி, கழுவி, மீதி மீனைப் பரப்பி வைத்தேன். தட்டு பளபளவென்று ஆகிறவரை நக்கித் தின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். கணவருக்குத் தட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். பூனையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அது நம்ம கல்யாண நாளுக்கு வாங்கின தட்டாச்சே என்று மட்டும் பதில் வந்தது.

அதற்குப் பிறகு வழி பிடிபட்டுவிட்டது. முதலில் மீன். பிறகு மீனோடு கொஞ்சம் கோழி ஈரல். பிறகு அந்தப் பெரம்பலூர்க் கடைத் தீனியை மீன் தண்ணீரில் ஊறவைத்து, ஓரமாக ஒரு சிட்டிகை. வாரம் போகப்போக ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வந்தது. எது பிறாண்டலுக்கு உள்ளான தீனியோ அதையே அது கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்தது.

அடுத்த தலைவலி மண். பூனை வெளிக்குப் போகிற தொட்டியில் கொட்ட, தண்ணீர் பட்டால் கட்டியாகிற ஒரு வகைப் பொடிமண்ணைத் தங்கை கொடுத்திருந்தாள். அது பெரம்பலூர்க் கடையில் எப்போதாவதுதான் வரும். வெள்ளாற்று மணலைச் சலித்துக் காயவைத்துக் கொட்டிப் பார்த்தேன். காலை வைத்துவிட்டு உதறியது. பிறகு என் மடித்துவைத்த துணிகளின்மேல் போய் வேலையை முடித்துக்கொண்டது. மரத்தூள் கொட்டினால் நீளமான முடியில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க வந்தது.

ஒருநாள் வாலிகண்டபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற வழியில் ஒரு களத்தில் மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் ஒரு பக்கம் மணியைக் கொட்டியது, இன்னொரு பக்கம் மணி உதிர்ந்த சக்கைக் கதிரைத் துப்பியது. அந்தச் சக்கை மலைபோல் குவிந்துகிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காற்றுபோல லேசு. பக்கத்தில் யாரோ கைகழுவிய தண்ணீர் தேங்கியிருந்தது. சக்கையை அதில் வைத்தேன். உறிஞ்சிக்கொண்டது.

களத்துக்காரம்மாவிடம் ஒரு சாக்குச் சக்கை கேட்டேன். அடுப்பெரிக்கவா என்று கேட்டார். பூனை வெளிக்கிப் போக என்றேன். அவர் என் பட்டுச்சேலையையும் கையில் இருந்த மொய்க் கவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எடுத்துக்கங்க. எங்கூட்டுப் பூனை வாய்க்காலுக்குத்தான் போவுது," என்றார்.

கல்யாண வீட்டு வாசலில் சாக்கை வைத்துவிட்டுத்தான் பிரியாணி சாப்பிட்டேன். ஊரில் மாவு மில்லில் அரைக்க மறுத்துவிட்டார்கள். அரிசி அரைக்கிற இடத்தில் இதுவா என்றார்கள், அதுவும் நியாயம்தான். மாட்டுத் தீவனம் உடைக்கிற மில்லில் நொறுநொறுப்பாக உடைத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தொட்டியில் கொட்டினேன். பூனை உள்ளே இறங்கியது. சுற்றியது. குழி பறித்தது. நான் கதவிடுக்கில் நின்று, மகளின் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்ததைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது காரியத்தை முடித்து, அழகாக மூடிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனது. முடியில் ஒரு தூசு ஒட்டவில்லை. வாடையும் இல்லை.

அடுத்த முறை தடுப்பூசி போடப் போனபோது டாக்டர் பூனையைத் தூக்கிப் பார்த்து, எடை கூடியிருக்கு, முடி மினுமினுன்னு இருக்கு, என்ன கொடுக்கறீங்க என்று கேட்டார். தட்டிலிருந்து சக்கை வரை எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சக்கை விஷயம் தனக்குத் தோன்றவே இல்லை என்றார். பிறகு, பூனை சாப்பிட மாட்டேங்குதுன்னு வர்றவங்களுக்கு உங்க நம்பரைக் கொடுக்கலாமா என்றார். வீட்டுக்கு வரும்வழியில் அதை எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று தெரியாது.

இப்போது மாதத்துக்கு நாலைந்து பேராவது கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் போனிலேயே முடிந்துவிடும். ஒரு சமயம் மட்டும் நேரில் போக வேண்டியிருந்தது. அரியலூரில் ஒரு வயதான தம்பதி. அவர்கள் மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன சாதாரண வரிப்பூனை. டாக்டர் பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார், ஆனால் தின்ன மாட்டேன் என்கிறது. அந்த அம்மாதான் போன் போட்டார். மகன் தினமும் வீடியோவில் பூனையைக் காட்டச் சொல்கிறானாம், எலும்பும் தோலுமாக எப்படிக் காட்டுவது என்றார்.

சக்கைப் பொடி ஒரு பையிலும், மீன் வேகவைத்த தண்ணீர் ஒரு பிளாஸ்கிலும் எடுத்துக்கொண்டு போனேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பஸ் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அந்த வீட்டு அலமாரியில் பூனைத் தீனி விதவிதமாக அடுக்கியிருந்தது. என்னிடம் இருந்ததைவிட எல்லாம் உசத்தியான சரக்கு. நான் எதையும் தொடவில்லை. பூனை சாப்பிடுகிற இடத்தைக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் குளியலறை ஓரம் கூட்டிப்போனார்கள். கவுச்சி ஆகாத வீடு என்பதால் அடுப்படியில் வைக்காமல் அங்கே வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு ஒட்டினாற்போலவே பூனை போகிற தொட்டியும் இருந்தது. தலைக்குமேல் வாஷிங் மெஷினின் குழாய்.

"அம்மா, கக்கூஸ் பக்கத்துல இலை போட்டா நாம உக்காருவோமா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா தானே குனிந்து தட்டைக் கையில் எடுத்தார். எங்கே வைக்கலாம் என்று கேட்டார். பூனை நாள் முழுக்க எங்கே உட்காரும் என்று கேட்டேன். முன்னறை ஜன்னலுக்குக் கீழே என்றார். அங்கே பழைய பேப்பர் விரித்துத் தட்டை வைத்து, அவர்கள் வாங்கிய தீனியையே போட்டு, இது மீன் தண்ணீர், ஊற்றட்டுமா என்று கேட்டு, அவர் சரி என்றதும் என் பிளாஸ்கிலிருந்து வெதுவெதுப்பாக ஊற்றினேன். எல்லோரும் தள்ளிப்போய் உட்கார்ந்தோம். பூனை சோபாவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தது. நக்கியது, நிமிர்ந்து பார்த்தது, பிறகு தின்னத் தொடங்கியது. அந்தப் பெரியவர் போனை எடுத்து அதை மகனுக்குப் படம் பிடித்தார்.

நான் புறப்படும்போது அடுத்த வீட்டுக்காரர் கேட் பக்கம் நின்று, ஊரிலிருந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்களா என்று கேட்டார்.

"இல்லைங்க. பூனைக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவங்க. லெப்பக்குடிக்காட்டுலேர்ந்து வரவழைச்சோம்," என்றார் பெரியவர்.

வேறு சமயமாக இருந்தால், ஐயோ எனக்கென்ன தெரியும் என்று கூச்சப்பட்டிருப்பேன். அன்றைக்கு ஆமாங்க என்று சொல்லி நிமிர்ந்து நின்றேன். செந்துறைப் பக்கம் அவர்கள் தோட்டத்தில் விளைந்த முந்திரியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. முந்திரியைக் கொறித்துக்கொண்டே கணவருக்குப் போன் போட்டேன். அவருக்கு வேலை நேரம். பிறகு பேசறேன் என்று சொல்லிவிட்டு வைக்கப் போனார். வைக்காதீங்க, இதைக் கேட்டுட்டு வைங்க என்றேன். முழுசும் கேட்டார்.