பேரவை முத்திரை போட்ட கரண்டி

உங்கள் கல்லூரி மாணவர் பேரவையின் சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் வாளி தூக்கிய ஏழுமலை, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாரிவாக்கத்தில் தம் வீட்டில் இறந்துபோனார். நான்கு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

பூந்தமல்லியில் என் மளிகைக் கடைக்குச் செய்தியைக் கொண்டுவந்தவர் கீரைக்கார அம்மாள். கூடையை இறக்காமலே சொன்னார்.

"மொதலாளி, ஒங்க காண்டீன்ல சாம்பார் ஊத்துவாரே ஏழுமல, பூட்டாரு. தெரியுமா?"

"எந்த ஏழுமல?" என்றேன்.

"எத்தினி ஏழுமல ஒனக்கு சாம்பார் ஊத்தினாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

எந்த ஏழுமலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன். அன்று முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன், யாருக்கு என்ன நிறுத்துப் போட்டேன் என்பது நினைவில்லை.

இந்தப் பழைய மாணவர் மலரைப் படிக்கும் உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். சிலர் அவரை வெளியே அனுப்பக் கை தூக்கியவர்கள். உங்களைக் குறை சொல்ல நான் எழுத வரவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அறுபதுகளின் பின்பாதியில் சாப்பாட்டுக் கூடத்தை நடத்தியது கல்லூரி நிர்வாகம் இல்லை, மாணவர் பேரவை. ஒப்பந்தக்காரரைப் பிடிப்பதும் அவர்கள், விரட்டுவதும் அவர்கள். சைக்கிளில் காய்கறி மூட்டை கட்டி விற்றுக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒப்பந்தம் கிடைத்தது பெரிய விஷயம். எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: சாப்பாடு ஒன்றுக்கு அளவுச் சோறு, சாம்பார் மூன்று கரண்டி, ரசமும் மோரும் கேட்டவரை. எனக்கு முன்னால் இருந்த ஒப்பந்தக்காரர் சின்னக் கரண்டியை மாற்றி வைத்து மாட்டிக்கொண்டவராம். அதனால் பேரவையே ஒரு பித்தளைக் குழிக்கரண்டி வாங்கி, அதன் காம்பில் 'மா.பே.' என்று முத்திரை அடித்துக் கொடுத்தது. சாம்பார் அந்தக் கரண்டியால்தான் ஊற்ற வேண்டும். அந்த முத்திரையில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் கரண்டியைப் பிடித்த கை ஏழுமலையுடையது. அவர் அப்பா காலம் வரை பிறர் நிலத்தில் கூலி வேலை. மனைவி அஞ்சலையோடு வேலை கேட்டு வந்தார். அவர் பரிமாற, அஞ்சலை பாத்திரம் கழுவ என்று இருவரையும் வைத்துக்கொண்டேன். ஒரு பந்திக்கு நாற்பது மந்தார இலை. வாளியை இடுப்போடு அணைத்தபடி வருவார். ஒரு சொட்டு கீழே சிந்தாது. வாய் மட்டும் ஓயாது.

"இன்னா நைனா, பரிச்சையா? சோறு எறங்க மாட்டேங்குது?"

"மாமே, மூணாவது அப்பளம் கேக்கறியே, இது ஒங்க மாமியார் ஊடா?"

புதிதாக வந்த பரிமாறுகிறவர்களுக்கு அவர் இரண்டு விஷயம் சொல்லுவார். ஒன்று, "ஓரத்துல ஊத்தாதே, நடுவுல ஊத்து. ஓரத்துல ஊத்தினா பிச்ச போட்ட மாதிரி கீது." இன்னொன்று, "சாப்புடறவன் மூஞ்சப் பாக்காதே, எலயப் பாரு. மூஞ்சப் பாத்தா அவன் கேக்க வெக்கப்படுவான்." கூடத்தில் வெட்கப்பட்டு அரைவயிறாக எழுந்த பையன் கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அவரைப் பார்த்ததெல்லாம் வாளி எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதற்காகத்தான்.

மழை பொய்த்த அந்த வருடம் துவரம்பருப்பு விலை ஏறிக்கொண்டே போனது. ஒப்பந்தத்தை மாற்றித் தரச் சொன்னேன். பேரவை முடியாது என்றது. சாம்பாரில் தண்ணீர் விட்டால் நாக்கு கண்டுபிடித்துவிடும். கரண்டியை மாற்ற முடியாது, முத்திரை இருக்கிறது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பித்தளைப் பாத்திரத்துக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும். அண்டா, வாளியோடு அந்தக் கரண்டியையும் அம்பத்தூரில் ஒரு பாத்திரக்காரரிடம் எடுத்துப் போனேன். கரண்டியைக் கவிழ்த்து, அடியை உள்பக்கமாகத் தட்டி மேடாக்கச் சொன்னேன். மேலே தடிப்பாக ஈயம் பூசியதும் பளபளவென்று புதிதுபோல ஆகிவிட்டது. மேடு கண்ணில் படவில்லை. மூன்று கரண்டி ஊற்றினால் இரண்டே கால் கரண்டிதான் விழும். முத்திரை அப்படியே இருந்தது.

மறுநாள் முதல் பந்தி முடிவதற்குள் ஏழுமலை வாளியோடு என் மேசைக்கு வந்தார்.

"மொதலாளி, கரண்டிக்கு இன்னாமோ ஆயிட்ச்சு."

"இன்னா ஆச்சு?"

"கைல கனமா கீது. ஆனா கொஞ்சமாத்தான் மொள்ளுது."

"ஈயம் புதுசு. அப்டித்தான் இருக்கும்."

அவர் கரண்டியைத் திருப்பி, அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அடி உள்ள பூந்துகினு கீதே மொதலாளி. ஈயம் பூசினா அடி இன்னாத்துக்கு உள்ள போவும்?"

"பந்தி நிக்குது. போய் வேலயப் பாரு."

போனார். ஆனால் அந்த வாரம் முழுவதும் கடைசிப் பந்திக்கு வருவதற்குள் சாம்பார் தீர்ந்தது. நின்று கவனித்தேன். சோறு வெள்ளையாகத் தெரிகிற இலையிலெல்லாம் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே போனார். சமையலறைக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நாலு ஊத்தறியா?"

"மூணு கரண்டி சாம்பார்தான் மொதலாளி ஊத்தறேன். அது நாலு தடவயா வருது."

இன்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. "ஒன் பொண்டாட்டியும் இங்கதான் பாத்திரம் கழுவறா. ரெண்டு பேருக்கும் சேத்து யோசிச்சிக்கோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து மூன்றே தடவை.

பிறகு நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். "இன்னா அண்ணாத்தே, சோறு வேட்டி கட்டிகினு கீது?" என்று ஒரு பையன் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாக் கிண்டலுக்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் அன்று தலை நிமிராமல் அடுத்த இலைக்குப் போனார்.

பேரவையின் உணவுச் செயலாளர் நேர்மையான பையன். கரண்டியை வாங்கிப் பார்த்தார், முத்திரை இருந்தது. பந்தியில் நின்று எண்ணினார், மூன்று சரியாக இருந்தது. "கரண்டி நம்மளுது, எண்ணிக்கை சரி. அப்ப கொறையறது ஆளோட கையிலதான்" என்று முடிவு கட்டினார். ஒரு சொம்புத் தண்ணீரை அந்தக் கரண்டியால் அளந்து பார்த்திருந்தால் குட்டு அங்கேயே உடைந்திருக்கும். யாரும் அளக்கவில்லை. தங்கள் முத்திரையைத் தாங்களே எப்படிச் சந்தேகப்படுவார்கள்? நான் நம்பியதும் அதைத்தான்.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பெஞ்சுகளை ஒதுக்கிப் போட்டுக் கூட்டம். அவரை நடுவில் நிறுத்திக் கேட்டார்கள்.

"என் கைல கொற இல்ல. கரண்டியப் பாத்துக்குங்க" என்றார்.

"அதான் பாத்தாச்சே, முத்திரை இருக்கே!" என்று யாரோ சொல்லக் கூடம் சிரித்தது.

அவர் தினமும் வீட்டுக்குத் தூக்கில் சாப்பாடு எடுத்துப் போவார். வேலைக்காரர்களுக்கு அது உண்டு என்று நான் பேசி வைத்ததுதான். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அந்தத் தூக்குல போறது எங்க சாம்பார்!" என்று கத்தினார். நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் ஆள் எப்படி என்று கேட்டார்கள்.

நான் எழுந்து நின்று சொன்னேன்: "நல்ல ஆள்தான். கை கொஞ்சம் இறுக்கம். நானும் சொல்லிப் பார்த்தேன்."

பேசாமல் இருந்திருந்தால்கூடப் பாதிப் பாவம்தான். அந்த மூன்று வாக்கியத்தையும் நான் வலிய எழுந்து நின்று சொன்னேன். ஆளை அனுப்பிவிடலாம் என்று கூடம் கை தூக்கியது.

ஏழுமலை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்ற அஞ்சலையைப் பார்த்தார். வாளியைத் தரையில் வைத்து, அதன் மேல் கரண்டியைக் குறுக்கே வைத்தார். "வாளி ஒண்ணு, கரண்டி ஒண்ணு. சரியா கீதா, எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதைத் திமிர் என்று பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகாவது கரண்டியைச் சரி செய்தேனா என்றால், இல்லை. புதிதாக வந்த ஆளிடம் நாலு தடவை ஊற்றச் சொன்னேன். சாப்பாடு உடனே திருந்திவிட்டதாகப் பேரவை எனக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த நன்றியே ஏழுமலை திருடினார் என்பதற்குச் சாட்சியாகிப் போனது.

ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் அவர் வேலை கேட்டிருக்கிறார். அதை நடத்தியவர் எனக்குப் பழக்கம், என்னிடம் வந்து விசாரித்தார். உண்மையைச் சொன்னால் என் கதை வெளியே வரும். "வேற ஆள் பாருங்களேன்" என்றேன். பிறகு ஏழுமலை அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் செங்கல் சூளையில் மண் சுமந்தார். முகூர்த்த நாட்களில் மட்டும் கல்யாணங்களில் பரிமாறப் போவார்.

அப்படி ஒரு கல்யாணத்தில்தான் கடைசியாக அவரைப் பார்த்தேன். அதற்குள் எனக்கு இரண்டு கடை, ஒரு லாரி. பந்தியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வாளி வந்து நின்றது. அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒன்று ஊற்றினார், நடு இலையில். இரண்டு ஊற்றினார். நான் கையை நீட்டி, "போதும்" என்றேன்.

"மூணு மொதலாளி. ஒப்பந்தம்" என்றார்.

கையை எடுத்தேன். மூன்றாவது நிறைந்து விழுந்தது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தார்.

கீரைக்கார அம்மாள் சொன்னதற்கு மறுநாள் பாரிவாக்கம் போனேன். லாரியில் ஒரு மூட்டை அரிசி, சட்டைப்பையில் ஒரு கவர். அஞ்சலை வாசலில் நின்று, "அரிசிய எறக்காதீங்க" என்றார். உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். அதே கரண்டி. கூடத்துக்கு எவர்சில்வர் சாமான் வந்தபோது அஞ்சலை பழையதைக் கேட்டார், சனியன் தொலைந்தது என்று நானும் கொடுத்திருந்தேன். ஈயம் தேய்ந்து, அந்த மேடு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது.

"அவர வெளிய அனுப்சப்புறம் மூணு வருசம் அங்கயே இத்த நான்தான் தேச்சேன் மொதலாளி. டெய்லி இந்த மேடு கைல படும்."

"யாருகிட்டயாவது காட்டியிருக்கலாமே அஞ்சலை."

"காட்லாம்னுதான் எட்த்தாந்தேன். அவருதான், 'இத்தினி வருசம் கழிச்சி தூக்கினு போனா, கரண்டியயும் நான்தான் திருடினேன்னுவானுங்க'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு."

நான் வியாபாரி. எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "என்ன வேணும், சொல்லு. மாசா மாசம் அரிசி, பருப்பு அனுப்பட்டுமா?"

"ஒண்ணும் வாணாம்" என்றார். அதுவரை நீங்க என்று பேசியவர் அங்கே மாறினார். "அன்னிக்கி கை தூக்கின பசங்களுக்கெல்லாம் தெரியணும். நீயே எழுதணும், நான்தான் பண்ணேன்னு. அப்புறம் இத்த எட்த்துகினு போ. கடைல தராசுக்கு மேல மாட்டு."

"அடியைத் தட்டி நிமிர்த்திடறேன்."

"நிமித்தாதே. அப்டியே மாட்டு. யாராச்சும் இன்னா இதுன்னு கேட்டா சொல்லு."

"எவ்வளவு நாளைக்கு?" என்றேன். பேரம் பேசிப் பழகிய வாய்.

"கட கீற வரிக்கும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அரிசி மூட்டை அதே லாரியில் திரும்பி வந்தது. ஏழுமலையுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கரண்டி ஒன்றுதான். தராசுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இதுவரை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் ஆளிடம் பாதியை விழுங்கிவிட்டேன். அவரை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்து மீதியையும் சொன்னேன். ஏனென்றால் நான் படியிறங்கும்போது அஞ்சலை கடைசியாக இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தார். நான் ஒத்துக்கொண்ட ஒப்பந்தம் முழுதும் இதுதான்: பணம் கிடையாது, அரிசி கிடையாது, கடை இருக்கும்வரை கரண்டி தொங்கும், கேட்டவருக்கெல்லாம் சொல்ல வேண்டும், அதோடு, "சொல்றதுலயும் அளவு கொறச்சிடாதே."