கேட்காமல் கொடுத்த ஈரல் சாறு

1. டம்ளரின் அடியில்

"ஏனுங்க நர்சம்மா, இது பருப்புங்களா?"

பாவாயி விரல் நுனியில் ஒரு துணுக்கை எடுத்து என் முன்னால் நீட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் பிரசவ வார்டு நர்சாக இருந்த காலம். அவள் சங்ககிரிப் பக்கம் காட்டு வேலை செய்கிறவள். பிள்ளை பெற்று நாலு நாள் ஆகியிருந்தது. கண் இமையை இறக்கிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். பாலும் ஊறவில்லை.

எங்கள் டாக்டரம்மா சீமையில் படித்தவர். ரத்தசோகைக்கு ஈரல் கொடுக்கும் வைத்தியம் அப்போது புதிதாக வந்திருந்தது. டயட் ஷீட்டில் 'லிவர் சூப், இரண்டு வேளை' என்று எழுதிவிட்டார். பாவாயியோ, "ஊர்ல கோயில் முன்னால கம்பம் நட்டாச்சுங்க. மாரியாத்தா நோம்பி முடிஞ்சு கம்பம் புடுங்கற வரைக்கும் கவுச்சி ஆகாதுங்க" என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! உயிர் ஊசலாடுகிற நேரத்தில் இவளுக்கு நோம்பி ஒரு கேடா என்று நினைத்தேன். ஈரலை வேகவைத்து, துணியில் வடிகட்டி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, பருப்புத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். மூன்று வேளை என்னை நம்பிக் குடித்தாள். நாலாவது வேளை அவசரத்தில் சரியாக வடிகட்டாமல் விட்டுவிட்டேன். அந்தத் துணுக்குதான் அவள் விரலில் இருந்தது.

"பருப்புதான் கண்ணு" என்றேன், கூசாமல்.

"ஆட்டு ஈரல் எனக்குத் தெரியாதுங்களா?"

கத்தவில்லை அவள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் தொட்டிலைப் பார்த்தாள். "ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ நானு. இவனாச்சும் நிக்கோணும்னுதான் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டு வாயைக் கட்டியிருந்தேன். இப்ப எம்பட புள்ளைய நானே வாரிக் குடுத்துட்டனுங்களே!"

2. என் கஞ்சியில் கலந்தால்

அதற்கப்புறம் ஆஸ்பத்திரித் தண்ணீரைக்கூட அவள் தொடவில்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கம்மிப்போனது. பஞ்சைப் பசும்பாலில் நனைத்து வாயில் வைத்தோம், துப்பிவிட்டது. "இன்னும் ரெண்டு நாள் இப்படியே கிடந்தால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது. அவளை எப்படியாவது சாப்பிட வை" என்றார் டாக்டரம்மா. செய்த காரியத்தை அவரிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வார்டுப் பக்கம் கையைக் காட்டி, "அவளிடமே போய்ச் சொல்" என்றார்.

போய்க் கெஞ்சினேன். பாவாயி கேட்டாள்:

"நீங்க நாப்பது நாளு கவுச்சி தொடறதில்லைன்னு வார்டு ஆயா சொன்னாங்க. உங்க கஞ்சில யாராச்சும் கலந்து குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

கிறிஸ்தவர்களான எங்களுக்கு அது தவசு காலம், பாஸ்குத் திருநாள் வரைக்கும் நாற்பது நாள் நோன்பு. விபூதி புதனிலிருந்து கறியும் மீனும் நான் தொடவில்லை. கஞ்சியும் துவையலுமாகத்தான் விடிந்ததிலிருந்து நின்ற காலோடு வார்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என் நோன்பு பக்தி, அவள் நோம்பி பட்டிக்காட்டுத்தனமா? சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அவள் காலடியில் உட்கார்ந்தேன். "பொய் சொன்னது நான். குத்தம் என்னோடது. ஆத்தா கேக்கறதுன்னா என்னைக் கேக்கட்டும். பால்குடிப் பிள்ளைகிட்ட அவளுக்கு என்ன வழக்கு?" என்றேன். அவள் அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்புறம்தான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "உங்க வீட்டுல நோம்பி நாள்ல பிள்ளை பெத்தவளுக்கு என்ன சாமி குடுப்பாங்க?"

"ராகிக் களிங்க, முருங்கைக் கீரைங்க. பூண்டு தட்டிப் போட்ட கொள்ளு ரசமுங்க. எள்ளும் கருப்பட்டியும் இடிச்சு உருண்டை புடிச்சுத் தருவாங்க." சொல்லும்போதே அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது தெரிந்தது.

வராந்தாவில் அவள் பார்க்கும்படி அடுப்பு மூட்டினேன். புதுச்சட்டி வாங்கி வந்தேன். ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே போட்டேன். முதல் வாய் நான் சாப்பிட்டேன். ரெண்டாவது வாயை அவள் வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "அயர்ன் மிக்ஸ்சர் மருந்தை மட்டும் நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அதையும் பாவாயி மோந்து பார்த்துத்தான் குடித்தாள். மூன்றாம் நாள் பால் இறங்கியது. பையன் சப்புக்கொட்டிக் குடித்த சத்தம் வார்டுக்கே கேட்டது.

3. கம்பம் பிடுங்கிய மறுநாள்

ஈரல் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது நல்ல மருந்துதான். ஆனால் கறி தின்றால்தான் தெம்பு என்று புத்தகத்தில் படித்ததை நான் வேதவாக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு ஒரு நாள்கூடக் கறி காணாமல், களியையும் கீரையையும் கொள்ளையும் தின்று காட்டை உழுதவர்கள் இந்தப் பக்கம் முழுக்க இருந்தார்கள். இப்போது தினம் கோழி இல்லாமல் சோறு இறங்காது என்கிறார்கள். டயட் ஷீட் எழுதும் பிள்ளைகளே, எழுதுவதற்கு முன்னால், வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் ஏன் என்றும் கேளுங்கள். நான் அதற்கப்புறம் கேட்காமல் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை.

பாவாயியின் புருஷன் வந்து ஊரில் கம்பம் பிடுங்கியாயிற்று என்று சொன்னதும், அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நர்சம்மா, அந்த ஈரல் சாறு கொண்டாங்க. இன்னைக்குக் குடிக்கறேன்."

வடிகட்டாமல், துண்டுகளோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"நல்லாருக்குதுங்க. உங்களுக்கும் ஒரு வாய் வெக்கட்டுங்களா?"

"ஐயையோ! எனக்குப் பாஸ்குத் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம் கிடக்குடி!"

"பயப்படாதீங்க. நானெல்லாம் கலந்து குடுக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, பையனை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.