எட்டுக்கு எட்டு

பப்புவா நியூ கினியில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டமன்றம் முளைத்த காலத்தில், எங்கள் மாகாணத்தின் மாட்சிமை பொருந்திய மன்றம் பழைய கொப்பரைக் கிடங்கு ஒன்றில் கூடியது. வாக்கில்லாத சபாநாயகரையும் சேர்த்துப் பதினெட்டு உறுப்பினர்கள். அவர்கள் திருவாய் மலர்ந்ததையெல்லாம் தட்டச்சு செய்ய ஒருத்தி மட்டுமே: மிஷன் கன்னியாஸ்திரீகளிடம் தொழில் கற்ற லுட்வினா. பேசியது ஒரு சொல்கூட விடுபடக்கூடாது என்பது விதி. இருமலைக்கூட அவள் விட்டதில்லை.

மே மாதம் கம்போக் ஊருக்கு மருந்து நிலையம் கேட்டுத் தீர்மானம் வந்தது. அவள் பிறந்த ஊர். இரண்டு மாதம் முன்புதான் அவள் தங்கை, ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரத் துடுப்புப் பயணத்தில், தோணியிலேயே பிரசவித்துச் செத்திருந்தாள்.

ஆதரவு எட்டு, எதிர்ப்பு எட்டு. சமமானால் தோல்வி. மிச்ச வாக்கு கம்போக்கின் உறுப்பினர் காஸ்பருடையது, லுட்வினாவின் தாய்மாமன். அவர் கிடங்குக்குப் பின்னால் பாக்கு மென்றுகொண்டிருந்தார். "காஸ்பர்: மன்றத்தில் இல்லை" என்று அவள் தட்டினாள்.

பதிவைப் படித்த ஊரார் கேள்வி கேட்கத் தொடங்கியதும் மாமா அவள் மேசைக்கு வந்தார்.

"மருமவளே, எனக்கு 'ஆதரவு'ன்னு போட்டுடு."

"போட்டா ஒம்போதாயிடும். கட்டிக் குடுப்பீங்களா?"

"அதெப்படி? அந்தக் காசுல மந்திரிங்களுக்கு ரெண்டு கார் வாங்கியாச்சே."

"அப்ப போடமாட்டேன்."

"உங்கம்மா கூடப் பொறந்தவன்டி நான்."

"செத்தவளும் உங்க மருமவதான் மாமா. அவளுக்காக நீங்க வாயத் தொறந்தது பாக்கு போடத்தான்."

கௌரவம் காயப்பட்ட காஸ்பர், ஜூன் கூட்டத்தில் எழுந்து முழங்கினார். "சபாநாயகரே, பாக்கு போட அஞ்சு நிமிசம் வெளிய போனா ஆளே இல்லன்னு அர்த்தமா? அந்த வரிய மாத்தச் சொல்லுங்க."

"மாத்தும்மா," என்றார் சபாநாயகர், கொட்டாவியோடு.

லுட்வினா கீழ்ப்படிந்தாள். மே மாதப் பக்கத்தில் "மன்றத்தில் இல்லை" என்பதை "வந்திருந்தார், வாக்களிக்கவில்லை" என்று மாற்றினாள். ஜூன் மாதப் பக்கத்தில் மாமாவின் முழக்கம், சபாநாயகரின் ஆணை, கொட்டாவி எல்லாவற்றையும் விதிப்படி தட்டினாள்.

மாதப் பதிவை ஊர் மாதா கோவில் கதவில் ஒட்டுவது வழக்கம். கம்போக்கில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் உரக்கப் படித்தார்கள்.

ஜூலையில், ஒரு காரை விற்று மருந்து நிலையம் கட்டச் சொல்லும் தீர்மானம் வந்தது. கம்போக்கின் பெண்கள் பதினொரு தோணிகளில் வந்து கிடங்கின் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள்.

"மாமா, வெளிய ஏதும் வேலையிருக்கா?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

காஸ்பர் கை தூக்கினார். ஒன்பதுக்கு எட்டு. கிடங்கே கைதட்டியது. மாமா பெருமையாக மருமகளைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். லுட்வினா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தாளைச் செருகினாள்.