ஒலேகாரியோ நீட்டிய வெள்ளிக் குழல்

இது உண்மையாக நடந்தது. கதை கட்டுவதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொண்டிருக்க மாட்டேனா? அன்று நான் செய்ததை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் சால்ட்டோவில், ஆற்றங்கரைப் படகு கிளப்பில், வருடா வருடம் நடக்கும் போக்கர் போட்டி. மண்டையைப் பிளக்கும் வெயில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் நிம்மதியாக நினைத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் நெல்பா. பேருந்து நிலையத்தில் பொரித்த மாவு வட்டு விற்கிறேன். பதினாறு வருடமாக அடுப்பு, எண்ணெய், மாவு எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டி மிதிக்கிறேன். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இன்னும் ஒரு வருடம் மிதித்தால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். போட்டியின் முதல் பரிசு ஒரு பழைய வெள்ளை வேன். சிவப்பு ரிப்பன் கட்டி கிளப் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் பரிசு ஒரு பன்றித் தொடை. பன்றித் தொடையை ஓட்டிக்கொண்டா வியாபாரத்துக்குப் போக முடியும்?

நாற்பது பேர் ஆரம்பித்த ஆட்டத்தில், மதியம் ஒரு மணிக்கு இரண்டே பேர் மிஞ்சினோம். நானும் தோன் ஒலேகாரியோவும். 'தோன்' என்பது எங்கள் ஊரில் பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவது. எழுபது வயதுக்காரர். ஆற்றில் மணல் அள்ளும் தோணியிலேயே ஆயுளைக் கழித்தவர். வாய் ஓயவே ஓயாது.

"பேசாம பன்றித் தொடையைத் தூக்கிட்டுப் போ, மகளே. அதையும் எண்ணெயில போட்டு வித்துடுவே!"

"தொடை உங்களுக்குத்தான். பல்லு இருக்கா கடிக்க?" என்றேன். மேசையே சிரித்தது.

அவர் கக்கத்தில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க் இருக்கும். கையில் மாத்தே. சுரைக்குடுவை நிறையக் கசப்புத் தழைத் தூள், மேலே வெந்நீர், உள்ளே ஒரு வெள்ளிக் குழல். எங்கள் ஊரில் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே குழலில்தான் உறிஞ்சுவோம். அதைத் துடைத்துவிட்டுக் குடித்தால் கொடுத்தவரைக் கேவலப்படுத்தியதாக அர்த்தம். போதும் என்றால் "நன்றி" சொல்லித் திருப்பித் தர வேண்டும். அதைச் சொல்லாதவரை மறுபடி மறுபடி உங்களிடம் வந்துகொண்டே இருக்கும்.

காலையில் மேசையில் கூட்டம் அதிகம். அவர் தனக்கு மட்டுமே ஊற்றிக் குடித்தார். அப்போதுதான் நான் அவருடைய ரகசியத்தைப் பிடித்தேன். கையில் நல்ல சீட்டு வந்தால் அடிமட்டம் வரை உறிஞ்சுவார். கர்ர்ர்... என்று சத்தம் வரும். வெறுங்கையென்றால் பாதியில் நிறுத்திவிடுவார், சத்தம் வராது. நான்கு முறை கவனித்தேன். நான்கு முறையும் சரியாக இருந்தது. இதை நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

சாப்பாட்டுக்கும் குட்டித் தூக்கத்துக்கும் இரண்டு மணி நேரம் விட்டார்கள். வீட்டுக்குப் போனேன். ஐந்து மணிக்குப் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் 2:45க்கு மகளின் உதட்டுச் சாயத்தை எடுத்துப் பூசினேன். ஆரஞ்சு நிறம். என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் பூசுகிறேன்.

மூன்று மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். சீட்டுப் போடும் சூல்மா இருந்தாள். காலையிலேயே தோற்றுப்போன மருந்துக்கடை எபெர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஒலேகாரியோவைக் காணோம்.

3:10க்கு வந்தார்.

தலை ஈரமாக இருந்தது. ஆற்றில் குளித்துவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். வணக்கம் சொல்லவில்லை. என்னைச் சீண்டவும் இல்லை. உட்கார்ந்தார். குடுவையில் ஊற்றினார். வாயருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார்.

அப்போது மணி 3:20. வாங்கி உறிஞ்சினேன்.

சில்லென்று இருந்தது. வெந்நீர் இல்லை. சேற்று வாடை. செத்த மீன் வாடை. பல்லில் மணல் நறநறத்தது. குழலின் நுனியில் வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது... என் நாக்கில் பட்டது. துப்ப முடியுமா? எல்லோர் எதிரிலும்? விழுங்கினேன்.

"நன்றி" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்லவில்லை. இருவர் மட்டும் குடிக்கும்போது ஒருவர் நன்றி சொல்லிவிட்டால் சுற்று முடிந்தது. அவர் குடுவையை ஓரமாக வைத்துவிடுவார். அப்புறம் அந்தச் சத்தம் வருகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? வேனுக்காக வாயை மூடிக்கொண்டு குடுவையைத் திருப்பிக் கொடுத்தேன். சீ... என்ன ஜென்மம் நான்!

மறுபடி வந்தது. குடித்தேன். மறுபடி வந்தது. இந்த முறை ஒரு பாசி இழை. கடைவாயில் சிக்கிக்கொண்டது. விரலை விட்டு எடுத்து, மேசைக்கு அடியில் பாவாடையில் துடைத்தேன்.

ஃபேன் நேராக அவர்மேல் வீசியது. அரை மணி நேரமாகியும் தலை காயவில்லை. அவர் முன்னால் மேசைமேல் விரித்த பச்சைத் துணி கறுத்து நனைந்திருந்தது. அவர் தள்ளிய பந்தயச் சில்லுகளில் ஈரம். சூல்மா அவர் தொட்ட சீட்டுகளை விரல் நுனியால் எடுத்தாள்.

"ஆத்துல முங்கிட்டு அப்படியே வந்துட்டீங்களா, தோன்? துவட்டக்கூட இல்லையே?" என்றாள்.

அவர் மறுபடி குடுவையில் ஊற்றினார்.

குழலை வாயில் வைப்பார். எடுப்பார். சத்தமே வரவில்லை. வெறுங்கை... வெறுங்கை... என்று மனதுக்குள் எண்ணினேன். இரண்டு சிறிய ஆட்டங்களில் துணிந்து பந்தயம் கட்டினேன். இரண்டிலும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கீழே போட்டுவிட்டார். எனக்குக் குஷி வந்துவிட்டது.

4:12.

என் கையில் ஒன்பதும் நாலும். உதவாத சீட்டு. நடுவில் ஐந்து சீட்டுகள் திறந்திருந்தன. அதில் ஒரு ராஜா. அவர் தன்னிடம் இருந்ததில் பெரும்பகுதியை முன்னே தள்ளினார். குழலை வாயில் வைத்தார்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

சத்தம் இல்லை.

குடுவையை என்னிடம் நீட்டினார். எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

புளுகுகிறார் கிழவர்! நானும் புளுகினேன். என்னுடைய மொத்தச் சில்லுகளையும் இரண்டு கையாலும் தள்ளினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் இமைக்கவே இல்லை.

"குடி, மகளே."

அன்று மதியம் அவர் பேசியது அவ்வளவுதான்.

குடித்தேன். கடைசி மணல்வரை குடித்தேன்.

அப்போது கேட்டது.

கர்ர்ர்...

குடுவை என் கையில் இருந்தது. குழல் என் வாயில் இருந்தது. நான் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டேன்.

கர்ர்ர்ர்...

சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

மெதுவாகத் தன் இரண்டு சீட்டுகளையும் திருப்பி வைத்தார். ராஜா. இன்னொரு ராஜா. நடுவில் இருந்ததோடு சேர்த்து மூன்று. ஜெயிக்கிற சீட்டு. அதை அப்படியே, ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, சூல்மா பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். என் கையிலிருந்து குடுவையை வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த மூன்று சில்லுகளை எடுக்காமல் வெளியே போனார்.

"மூணு ராஜாவை எவனாவது போடுவானா? கிழவனுக்குப் பைத்தியமா?" என்றார் எபெர்.

பதினைந்து நிமிடம் பார்த்தார்கள். திரும்பி வரவில்லை. வேன் எனக்கு என்று அறிவித்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

5:05க்கு கிளப் தொலைபேசி அடித்தது. எபெர் எடுத்தார்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். "எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?"

2:20க்கு.

ஒலேகாரியோ சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைப் படியில் உட்கார்ந்து மாத்தே குடித்திருக்கிறார். கால் வழுக்கி ஆற்றில் விழுந்திருக்கிறார். மணல் தோணிக்காரர்கள் 2:40க்குத் தூக்கியபோது உயிர் இல்லை. பிளாஸ்க்கும் குடுவையும் ஆற்றோடு போய்விட்டன.

கழிப்பறைக்கு ஓடினேன். குடல் வெளியே வரும்போல வாந்தி எடுத்தேன். மணலாக வந்தது.

மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். உதட்டுச் சாயம் முழுசாகப் போகவில்லை. தேய்த்துத் தேய்த்து உதடு புண்ணாகியிருந்தது. சவப்பெட்டி அருகே அவருடைய தங்கை எலிடா ஆஸ்பத்திரி உறை ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாள். முத்திரை வைத்து ஒட்டிய உறை. மேலே டாக்டர் கையெழுத்து. ஒட்டிய நேரம், முந்தின நாள் மதியம் 3:05.

"விழுந்தப்போ குழலு தொண்டையில குத்திக்கிட்டுப் போயிருக்கு. பல்லை இறுக்கிக் கடிச்சிருந்தாராம். இடுக்கி போட்டுத்தான் எடுத்தாங்களாம்" என்றாள்.

உறையை என் எதிரிலேயே கிழித்தாள். வெள்ளிக் குழல் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

வாய் வைக்கும் நுனியில் ஆரஞ்சு நிறச் சாயம்.

"அண்ணன் வீட்டுல பொம்பளையே கிடையாதே... இவரோட யாரு குடிச்சா?"

பிறகு என் உதட்டைப் பார்த்தாள்.

நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். வேன் வாசலில் நின்றது. சாவியைத் திருப்பும்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

கடைசிக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தபோதும் நான் "நன்றி" சொல்லவில்லை.